ரேடியோ அலையிலிருந்து மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை, செல்போன் டவர், டிவி, ரேடியோ என்று நம்மைச் சுற்றி எந்நேரமும் அலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்து டிசி மின்சாரமாக மாற்றும் வேலையைப் பற்றி மாணவர்களும் சர்க்யூட் செய்து பார்ப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். சால்டரிங் அயர்ன் பிடிக்கவும் மல்டிமீட்டர் பார்க்கவும் தெரிந்திருந்தால் போதும்.

இது உண்மையிலேயே நடக்கிற காரியமா?

நடக்கிறது, அதுவும் தினமும் உங்கள் கண்ணெதிரே. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லைக்குள் பேட்டரி கிடையாது. டோல்கேட்டின் மேலே இருக்கும் ரீடர் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அலையை அனுப்புகிறது. வில்லையில் உள்ள ஆன்டெனா அதைப் பிடித்து, உள்ளே உள்ள சிப் அதையே டிசி ஆக்கி, அந்த மின்சாரத்தில் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது.

பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் பிரவுன் 1964-ல் 2.45 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை (மைக்ரோவேவ்) மட்டுமே கொண்டு ஒரு சிறு ஹெலிகாப்டரைப் பறக்க வைத்தார். ஆன்டெனாவும் ரெக்டிஃபயரும் (அலையை டிசி ஆக்கும் டையோடு சர்க்யூட்) ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு ரெக்டென்னா என்ற பெயர் அவர் வழியாக வந்தது. 1975-ல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 1.54 கிலோமீட்டர் தூரத்துக்கு நுண்ணலையை அனுப்பி, மறுமுனையில் 30 கிலோவாட்டுக்கு மேல் டிசி எடுத்தார்கள். ரெக்டென்னா மீது விழுந்த சக்தியில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாறியது.

ஆக, மாற்றும் கலை நம்மிடம் இருக்கிறது. சிக்கல் எல்லாம் நம் மேல் வந்து விழும் அலை எவ்வளவு என்பதில்தான்.

அப்படியானால் காற்றில் சும்மா கிடப்பது எவ்வளவு?

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நகரின் 270 சுரங்க ரயில் நிலையங்களுக்கு வெளியே நின்று அளந்து 2013-ல் வெளியிட்ட சராசரி எண்கள் இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுபவை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸ் டவர் அலை 36 நானோவாட், 1800 மெகாஹெர்ட்ஸ் 84 நானோவாட், 3ஜி 12 நானோவாட், டிஜிட்டல் டிவி 0.89 நானோவாட், வைஃபை 0.18 நானோவாட். ஒரு நானோவாட் என்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதில் மிக அதிகமான 84 நானோவாட்டை வைத்துக்கொண்டு, சாதாரண 5 வாட் போன் சார்ஜருக்கு ஈடுகட்டப் பார்ப்போம். ஒரு துளிகூட வீணாகாமல் பிடித்தாலும் ஏறக்குறைய 5,950 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர் முழுக்க ஆன்டெனா வேண்டும். மாற்றும் திறன் 30 சதவீதம் என்று வைத்தால் ஐந்து ஏக்கர். அதே ஒரு சதுர சென்டிமீட்டர் மீது நண்பகல் வெயில் சுமார் 100 மில்லிவாட் கொட்டுகிறது. வெளிச்சமான அலுவலக அறைக்குள் இருக்கும் சிறு சோலார் செல்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோவாட் தரும் (ஒரு மைக்ரோவாட் ஆயிரம் நானோவாட்). வெளிச்சம் இருக்கும் இடத்தில் சோலார் செல்லை விட்டுவிட்டு வைஃபையைத் துரத்துவதில் பொருளில்லை.

என் வீட்டு ரவுட்டரிலிருந்து எவ்வளவு வரும்? கணக்கு எப்படி?

மூன்றே படி. முதலில் அலைபரப்பியின் சக்தியை, அதன் ஆன்டெனா கெயினையும் (அலையை ஒரு திசையில் குவிக்கும் மடங்கு) சேர்த்து, வாட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டருக்கு 0.1 வாட் என்று வைக்கலாம். இரண்டாவது, நீங்கள் இருக்கும் தூரத்தை ஆரமாகக் கொண்ட கோளத்தின் பரப்பால் அதை வகுங்கள். 1 மீட்டரில் 12.57 சதுர மீட்டர். வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 8 மில்லிவாட் வரும். மூன்றாவது, ஆன்டெனாவின் பிடிப்புப் பரப்பால் பெருக்குங்கள். பிடிப்புப் பரப்பு என்பது அலைநீளத்தின் வர்க்கத்தை 12.57-ஆல் வகுத்து, கெயினால் பெருக்கினால் கிடைப்பது. 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.2 செ.மீ. கெயின் 1 என்றால் பரப்பு 12 ச.செ.மீ., கெயின் 10 என்றால் 119 ச.செ.மீ.

கெயின் 10 உள்ள ஆன்டெனாவை ரவுட்டருக்கு 1 மீட்டரில் வைத்தால் சுமார் 95 மைக்ரோவாட் பிடிபடும். 3 மீட்டருக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு, 10 மைக்ரோவாட். இது ரெக்டிஃபயருக்கு முன்னால் உள்ள கணக்கு. கணக்கு முடியும்முன் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. பாதியில் கைவிடப்படும் ப்ராஜெக்ட்கள் பெரும்பாலும் இந்த மூன்று படியைப் போடாமல் தொடங்கியவை.

இந்தத் துறையில் சக்தியை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். 0 டிபிஎம் ஒரு மில்லிவாட். மைனஸ் 10 என்றால் 100 மைக்ரோவாட், மைனஸ் 20 என்றால் 10, மைனஸ் 30 என்றால் 1.

ரவுட்டர் எப்போதும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

மின்சாரம் ஓடுகிறது, அலை ஓடுவதில்லை. யாரும் பயன்படுத்தாத ரவுட்டர் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்லும் ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை (பாக்கெட்) மட்டும் அனுப்பும். பழைய, வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால்கூட அது இரண்டு மூன்று மில்லிவினாடியில் முடிந்துவிடும். அதாவது நேரத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் அலை இருக்கிறது. மேலே சொன்ன 95 மைக்ரோவாட் சராசரியில் 2 மைக்ரோவாட்டாகச் சுருங்கிவிடும். யாராவது பெரிய ஃபைலை இறக்கும்போது மீட்டர் முள் எழும்பி, முடிந்ததும் படுத்துவிடுவது இதனால்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2015-ல் பேட்டரியில்லா கேமராவை வைஃபையில் ஓட்டிக் காட்டியபோது, அலை இடைவிடாமல் இருக்கும்படி ரவுட்டரின் மென்பொருளையே மாற்றித்தான் செய்தது.

ஃபாஸ்டேக் மட்டும் எப்படித் தவறாமல் வேலை செய்கிறது?

அங்கே அலையை அனுப்புவது வில்லைக்காகவே. இந்தியாவில் இந்தப் பகுதிக்கு 4 வாட் வரை, ஆன்டெனா கெயினையும் சேர்த்து, அனுமதி உண்டு. 6 மீட்டர் தூரத்தில் ஒரு அரை அலை டைபோல் ஆன்டெனா (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் பிரிந்த கம்பி) சுமார் 138 மைக்ரோவாட் பிடிக்கும். சிப் விழிக்க 10 மைக்ரோவாட் போதும். புதிய சிப்களுக்கு அதைவிடக் குறைவு. ரீடரின் அலை சுழல் துருவமாக (மின்புலத்தின் திசை சுழன்றுகொண்டே) வருவதால் பாதி போனாலும், கண்ணாடியில் கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கிறது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடியில் ஒட்டினாலோ, கண்ணாடியை ஒட்டிய இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி நின்றாலோ அந்த மிச்சம் தீர்ந்துவிடும், ரீடர் படிக்காது.

நீங்களும் இதே வழியில் யோசியுங்கள். அலைபரப்பி உங்கள் கையில் இருந்து, தூரமும் நேரமும் நீங்கள் முடிவு செய்வதாக இருந்தால் இந்தத் தொழில்நுட்பம் நம்பகமானது. பிறர் அலையை நம்பினால் அது சோதனைச்சாலை விளையாட்டு. விதிவிலக்குகள் உண்டு, கீழே வருகின்றன.

எந்த அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு காரணங்களால் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2.45 கிகாஹெர்ட்ஸை விட நல்லது. அலைநீளம் கூடுவதால் அதே வகை ஆன்டெனா ஏறக்குறைய எட்டு மடங்கு பரப்பைப் பிடிக்கிறது. டையோடில் வீணாவதும் குறைகிறது. அதற்கான எண் அடுத்த பதிலில். இடம் இல்லையென்றால், அல்லது கைவசம் வைஃபை கருவிதான் இருக்கிறது என்றால், 2.45-க்கு வாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம்.

எந்த டையோடு? சாதாரண 1என்4148 போட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் வராது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் டையோடு தேர்வு எளிதாகிவிடும்.

மைக்ரோவாட் அளவில் ஆன்டெனாவிலிருந்து வருவது சில பத்து மில்லிவோல்ட்தான். டையோடு 'திறக்க' 0.6 வோல்ட் வேண்டும் என்ற பாடப்புத்தக விதி இங்கே உதவாது. சுழி வோல்ட்டேஜை ஒட்டிய இடத்தில் டையோடின் வோல்ட்-ஆம்ப் கோடு எவ்வளவு வளைகிறது, அங்கே அதன் தடை எவ்வளவு என்பதுதான் முக்கியம். அந்தத் தடை, சுமார் 26 மில்லிவோல்ட்டை டையோடின் செறிவு மின்னோட்டத்தால் (பின்னோக்கிக் கசியும் மிகச் சிறு மின்னோட்டம்) வகுத்தால் கிடைக்கும். 1என்4148-க்கு அது மெகாஓம் கணக்கில் போகும். அதன் 4 பிகோஃபாரட் வரையிலான கெபாசிட்டன்ஸோ 2.45 கிகாஹெர்ட்ஸில் வெறும் 16 ஓம். அலை முழுக்க அந்தக் கெபாசிட்டன்ஸ் வழியாகவே ஓடிப்போய்விடும், டையோடு வேலையே செய்யாது.

எஸ்எம்எஸ்7630 என்ற ஷாட்கி டையோடின் செறிவு மின்னோட்டம் 5 மைக்ரோஆம்ப், கெபாசிட்டன்ஸ் 0.14 பிகோஃபாரட், தொடர் தடை 20 ஓம். சுழித் தடை சுமார் 5.4 கிலோஓம் வருகிறது. இந்த மூன்று எண்ணையும் வைத்துக் கணக்கிட்டால், 2.45 கிகாஹெர்ட்ஸில் உள்ளே வரும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் டையோடின் சந்திக்கு (ஜங்ஷன்) போய்ச் சேரும். மிச்சம் தொடர் தடையில் சூடாகிறது. 866 மெகாஹெர்ட்ஸில் 94 சதவீதம் போய்ச் சேருகிறது. எச்எஸ்எம்எஸ்-2850-ம் இதே இனம்தான். எச்எஸ்எம்எஸ்-2860-க்குச் செறிவு மின்னோட்டம் 50 நானோஆம்ப்தான். மில்லிவாட் கணக்கில் அலை இருந்தால் அது நல்லது, மைக்ரோவாட்டுக்கு ஆகாது.

எஸ்எம்எஸ்7630-க்கு ஒரு பலவீனம்: 2 வோல்ட் பின்னோக்கி வந்தாலே உடைந்துவிடும். வாக்கிடாக்கியைப் பக்கத்தில் வைத்து அழுத்திச் சோதிப்பவர்கள் டையோடைக் கொன்றுவிட்டு, சர்க்யூட்டில் தவறு தேடிக்கொண்டிருப்பார்கள். வறண்ட நாளில் விரலில் இருக்கும் நிலைமின்சாரமும் இதைக் கொல்லும். அயர்ன் முனை எர்த் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

நல்ல சர்க்யூட்டில் எதிர்பார்க்கக்கூடிய மாற்றும் திறன்: 0 டிபிஎம்மில் பாதிக்கு மேல், மைனஸ் 10-ல் 40 சதவீதத்தை ஒட்டி, மைனஸ் 20-ல் 15 முதல் 20, மைனஸ் 30-ல் ஓரிரு சதவீதம். அலை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் மின்சாரம் அதைவிட வேகமாகக் குறைகிறது. தூரம் போகப் போக எல்லாம் திடீரென்று நின்றுபோவது இதனால்தான்.

2.45 கிகாஹெர்ட்ஸ் ரெக்டென்னா ஒன்றை நானே செய்ய வேண்டும். எப்படி?

ஆன்டெனாவுக்கு பைகுவாட் வகையைப் பரிந்துரைக்கிறோம். கெயின் 10-ஐ ஒட்டிக் கிடைக்கும், அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மன்னிக்கும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பிச் செம்பை 244 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, மேலுறையை உரியுங்கள். பக்கத்துக்கு 30.5 மி.மீ. வரும்படி எட்டு மடிப்பாக, மூலையோடு மூலை தொடும் இரண்டு சதுரங்களாக வளையுங்கள். இரண்டு சதுரமும் சந்திக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும்தான் மின் எடுக்கும் முனைகள். இதை 123 மி.மீ. சதுரமான செம்புப் பூச்சுப் பலகை அல்லது தகரத்துக்கு மேலே 15 மி.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். பலகையின் நடுவே துளையிட்டு, குட்டையான கோஆக்ஸ் கேபிள் துண்டு வழியாக முனைகளைப் பின்பக்கம் கொண்டுபோங்கள்.

ரெக்டிஃபயருக்கு இரு பக்கமும் செம்புள்ள 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) சர்க்யூட் பலகைத் துண்டு, 30-க்கு 55 மி.மீ. அடிப்பக்கச் செம்பை அப்படியே கிரவுண்டாக விடுங்கள். மேல்பக்கத்தில் 3 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் உள்ள ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டு, கத்தியால் கீறி மிச்சத்தை உரித்துவிடுங்கள். இந்தப் பலகையில் 3 மி.மீ. பட்டை என்றால் 50 ஓம் லைன். ஒரு முனையில் கோஆக்ஸ். மறுமுனையில் 22 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், அதன் மறுபக்கம் இரண்டு டையோடு தொடராக உள்ள மூன்று கால் எஸ்எம்எஸ்7630-ன் நடுக் கால். ஆனோடு கால் கிரவுண்டுக்கு, கேத்தோடு கால் வெளியீட்டுக்கு. வெளியீட்டில் கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட்டும் 1 மைக்ரோஃபாரட்டும் இணையாக. வோல்ட்டேஜ் டபுளர் தயார். எந்தக் கால் எது என்பதை டேட்டாஷீட்டில் பார்த்தே போடுங்கள்.

கிரவுண்டு இணைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். டையோடின் ஆனோடு காலை ஒட்டியே பலகையைத் துளைத்து, மெல்லிய கம்பியை இருபுறமும் சால்டர் செய்யுங்கள். 5 மி.மீ. சுற்றிப் போகும் கம்பி இந்த அலைவரிசையில் ஐம்பது ஓமுக்கு மேல் இண்டக்டன்ஸ் காட்டும்.

இனி மேட்சிங், அதாவது லைனில் வரும் அலை திரும்பிப் போகாமல் டையோடு அதை ஏற்கும்படி செய்வது. மேலே சொன்ன டையோடு எண்களை வைத்துப் போட்டால், டபுளரின் நுழைவாயில் சுமார் 30 ஓம் தடையோடு 230 ஓம் கெபாசிட்டிவ் ரியாக்டன்ஸ் சேர்ந்ததாக இருக்கும். 50 ஓம் லைனில் வந்த அலையில் பத்தில் ஒரு பங்கைத்தான் அது ஏற்கும். ஒன்பது பங்கு திரும்பிப் போய்விடும். இதைச் சரிசெய்ய விலையுயர்ந்த கருவி வேண்டாம், செம்பு டேப் போதும். 3 மி.மீ. அகலத்தில் 30 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டை எடுத்து, பட்டைக்குச் செங்குத்தாக, ஒரு முனை பட்டையைத் தொடும்படி வையுங்கள். பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பலகையைச் சற்று அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டு அதன் குறுக்கே மீட்டரை வைத்து, டேப்பைப் பட்டை நெடுகிலும் பல்குச்சியால் மெல்ல நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் மீட்டர் எழும்பும். அங்கே சால்டர் செய்து நிறுத்தி, டேப்பின் வெளிமுனையை ஒவ்வொரு மில்லிமீட்டராக வெட்டிக்கொண்டே வாருங்கள். வோல்ட்டேஜ் ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கும். இறங்கியதும் நிறுத்தி, அரை மில்லிமீட்டரை மீண்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று மீட்டரைப் பாருங்கள். கை பக்கத்தில் இருக்கும்போது வரும் எண் பொய்.

சோதிக்க நிலையான அலைக்கு எங்கே போவது?

ஈஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். 20 டிபிஎம்மை ஒட்டிய சக்தியில், வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில், இடைவிடாமல் பிராட்காஸ்ட் பொட்டலங்களை அனுப்பும்படி நிரல் எழுதுங்கள். அரை மீட்டர் தள்ளி எதிரெதிரே வைத்தால் பைகுவாட்டில் அரை மில்லிவாட்டை ஒட்டிப் பிடிபட வேண்டும், 4.7 கிலோஓம் மீது 0.3 முதல் 0.7 வோல்ட் வந்தால் உங்கள் வேலை நன்றாக இருக்கிறது. ஆன்டெனாவை 90 பாகை திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் அதிகமாகவும் மற்றதில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் இருப்பது சரியான அறிகுறி. வெளியே ஆம்ப்ளிஃபயர் மாட்டிச் சக்தியைக் கூட்ட வேண்டாம். பக்கத்து வீட்டு வைஃபை முடங்கும், விதிமீறலும் ஆகலாம்.

மீட்டரில் 0.4 வோல்ட் காட்டுகிறது, எல்இடி எரியவில்லை. ஏன்?

மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அது ஏறக்குறைய எதையும் எடுக்காமல் வோல்ட்டேஜை மட்டும் பார்க்கிறது. சுமை இல்லாத வோல்ட்டேஜை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ரெசிஸ்டர் போட்டு அளந்து, வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுங்கள். 4.7 கிலோஓம் மீது 0.21 வோல்ட் என்றால் 9.4 மைக்ரோவாட். சிவப்பு எல்இடிக்கு 1.8 வோல்ட் வேண்டும், நேரடியாக எரியாது. மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, வோல்ட்டேஜை உயர்த்தி, ஒரு நொடிப்பொழுது எரியவிட வேண்டும்.

சுமை ரெசிஸ்டரை 1, 2.2, 4.7, 10 கிலோஓம் என்று மாற்றி, எதில் மைக்ரோவாட் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக அந்த இடத்தில் வோல்ட்டேஜ், சுமையில்லாதபோது இருந்ததில் பாதியை ஒட்டி இருக்கும். இது அடுத்த படிக்குத் தேவை.

எதில் சேர்த்து வைப்பது?

இங்கேதான் பலர் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு வழக்கமான டேட்டாஷீட் விதிப்படி 63 மைக்ரோஆம்ப் வரை கசிவு அனுமதி. நீங்கள் சேகரிப்பதே அதைவிடக் குறைவு. அது என்றைக்கும் நிரம்பாது. 100 மைக்ரோஃபாரட் செராமிக் போடுங்கள். டிசி ஏறும்போது செராமிக்கின் கெபாசிட்டன்ஸ் குறையும் என்பதால் 10 வோல்ட்டுக்குமேல் தாங்கும் வகையாக எடுங்கள். பிசுக்கும் ஃப்ளக்ஸும் ஒட்டிய பலகையும் மழைக்காலத்தில் கசியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து விடுங்கள்.

வோல்ட்டேஜ் உயர்த்த பிகியூ25570 போன்ற சிப்கள் இருக்கின்றன. ஓடத் தொடங்கிய பிறகு 100 மில்லிவோல்ட்டிலிருந்தும் எடுக்கும். தானே 488 நானோஆம்ப்தான் சாப்பிடும். ஆனால் முற்றிலும் காலியான நிலையிலிருந்து எழும்ப 600 மில்லிவோல்ட்டும் சுமார் 15 மைக்ரோவாட்டும் கேட்கும். உங்களிடம் 0.2 வோல்ட்டும் 10 மைக்ரோவாட்டும் இருந்தால் அது எழும்பவே எழும்பாது. சிப் பழுது என்று நினைத்துத் தூக்கிப்போடுவார்கள். ஒருமுறை பட்டன் செல்லால் சேமிப்புக் கெபாசிட்டரை நிரப்பிவிட்டு செல்லை எடுத்துவிடுங்கள். பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். உச்ச சக்தி அமைப்பை (சுமையில்லாத வோல்ட்டேஜில் எத்தனை சதவீதத்தில் நிறுத்தி மின்சாரம் எடுப்பது என்பது) 80 சதவீதத்தில் விடாதீர்கள், அது சோலாருக்கானது. சாம்பிளிங் காலைக் கிரவுண்டில் கட்டி 50 சதவீதமாக்குங்கள். டபுளர்களை ஐந்தாறு படியாக அடுக்கி வோல்ட்டேஜ் ஏற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மைக்ரோவாட் அளவில் ஒவ்வொரு படியும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்; ஒரே படியும் நல்ல பூஸ்ட் சிப்பும் மேல்.

10 மைக்ரோவாட்டில் என்னதான் ஓட்டலாம்?

100 மைக்ரோஃபாரட்டை 2-லிருந்து 3 வோல்ட்டுக்கு ஏற்ற 250 மைக்ரோஜூல் வேண்டும். 10 மைக்ரோவாட்டில் 25 வினாடி. 2 மில்லிஆம்பில் 10 மில்லிவினாடி எல்இடி மின்ன 40 மைக்ரோஜூல். ஆக நான்கைந்து வினாடிக்கு ஒரு மின்னல். வெப்பநிலையை அளந்து புளூடூத்தில் ஒரு சிறு செய்தி அனுப்புவதற்கும் சில பத்து மைக்ரோஜூல்தான் ஆகும், ஆனால் கன்ட்ரோலர் உறக்கத்திலிருந்து எழும் செலவையும் சேர்த்து அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும் உணர்விக்கு இது தாராளம்.

செல்போன் டவருக்கு எதிரே குடியிருக்கிறேன். எனக்கு அதிகம் வருமா?

வரும். பீம் நேராக விழும் மொட்டைமாடியில், 50 மீட்டரில், ஆன்டெனா கெயினோடு சேர்த்து ஆயிரம் வாட் வருகிறது என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 32 மில்லிவாட். 900 மெகாஹெர்ட்ஸ் டைபோலில் அரை மில்லிவாட்டை ஒட்டிப் பிடிக்கலாம். பீம் தலைக்கு மேலே போய்விடும் கீழ்த்தளத்தில் அதில் நூறில் ஒரு பங்குகூட இராமல் போகலாம். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் 900 மெகாஹெர்ட்ஸுக்கு மக்கள் நடமாடும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட்தான் உச்ச வரம்பு. அந்த வரம்பு முழுதும் இருந்தாலும் டைபோலுக்கு 6.5 மில்லிவாட் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பிறர் அலையில் உருப்படியாக ஏதும் கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கும், நுண்ணலையை விட்டுப் பழைய ஒலிபரப்புக்கு வந்தால். 2009-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் அலன்சன் சாம்பிளும் ஜோஷுவா ஸ்மித்தும் 4.1 கி.மீ. தூரத்து டிவி கோபுரத்திலிருந்து 60 மைக்ரோவாட் எடுத்து, திரையோடு கூடிய ஒரு வெப்பமானியை ஓட்டினார்கள். அந்தக் கோபுரம் 960 கிலோவாட் அளவில் பரப்பியது.

மீடியம் வேவ் இன்னும் தாராளம். 100 கிலோவாட் நிலையத்திலிருந்து 5 கி.மீ. தூரத்தில், தரை நன்றாக இருந்தால், ஒரு மீட்டருக்கு 600 மில்லிவோல்ட் வரை புலம் இருக்கும். பத்து மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியின் பயனுள்ள உயரத்தை 5 மீட்டர் என்று வைத்தால் 3 வோல்ட். எர்த்தும் காயிலும் சேர்ந்து 60 ஓம் என்றால் எடுக்கக்கூடியது 37 மில்லிவாட். மைக்ரோவாட் அல்ல, மில்லிவாட். எல்இடி தொடர்ந்து எரியும். 63 மி.மீ. பிவிசி குழாயில் 0.6 மி.மீ. எனாமல் கம்பியை 70 சுற்று நெருக்கமாகச் சுற்றினால் சுமார் 260 மைக்ரோஹென்றி. பழைய ரேடியோவின் கேங் கண்டென்சரோடு (திருகி மாற்றும் கெபாசிட்டர்) சேர்த்தால் மீடியம் வேவ் முழுதும் ட்யூன் ஆகும். பிறகு ஒரு ஜெர்மானியம் டையோடு. எர்த் கம்பியை ஈரமான மண்ணில் ஒன்றரை மீட்டர் ஆழம் இறக்குங்கள். எர்த் மோசமாக இருந்தால் அந்த 60 ஓம் சில நூறாகி எல்லாம் அங்கேயே சூடாகும். இடிமழைக் காலத்தில் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மேகம் கூடியதுமே வெளியிலேயே எர்த்தில் கட்டிவிடுங்கள். சமாளிக்க முடியாத ஆபத்து அது.

மைக்ரோவேவ் அவனைப் பிரித்து அதிலிருந்து அலை எடுத்துச் சோதிக்கலாமா?

கூடாது. உள்ளே கெபாசிட்டரில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். உறையில்லாத மாக்னெட்ரான் (அவனில் அலையை உண்டாக்கும் பாகம்) கண்ணைச் சில நொடியில் கெடுக்கும்; வலி தெரியும்முன் காயம் ஆகிவிடும். மூடிய அவனின் கதவோரக் கசிவைப் பார்ப்பது வேறு. அது ரெக்டென்னாவுக்கு நல்ல பயிற்சி. அனுமதிக்கப்பட்ட உச்சக் கசிவு 5 செ.மீ. தூரத்தில் ஒரு ச.செ.மீ.க்கு 5 மில்லிவாட். அரை மீட்டரிலிருந்து தொடங்கி நெருங்குங்கள், இல்லையென்றால் டையோடு போய்விடும்.

உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே காயில் வைத்தால்?

அது அலை அல்ல, 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலமும் மின்புலமும். எடுப்பது அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்திலிருந்துதான். மின்வாரியத்தின் பொருளைத் திருடுவது, உயிருக்கும் ஆபத்து. செய்யாதீர்கள்.

போன் கவர், ஸ்டிக்கர் என்று வைஃபையில் சார்ஜ் ஏறுவதாக விற்கிறார்களே?

வாங்காதீர்கள். மேலே உள்ள ஒன்றரை ஏக்கர் கணக்கைப் போன் அளவுக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு ச.செ.மீ. பரப்பில், துளியும் வீணாகாமல், 8 மைக்ரோவாட். அணைத்து வைத்த போனின் பேட்டரி தானாகக் குறைவதற்குக்கூட அது ஈடாகாது. மேசை மீது வைத்துச் சார்ஜ் ஏற்றும் 'சீ' (Qi) வகை வயர்லெஸ் சார்ஜர் வேறு வகை; 100 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய காந்தப்புலத்தில், சில மில்லிமீட்டர் தூரத்தில், இரண்டு காயில்களுக்கிடையே நடப்பது.

இதனால் வைஃபை வேகம் குறையுமா? உடலுக்கு ஏதாவது?

ரெக்டென்னா புதிதாக எந்த அலையையும் உண்டாக்குவதில்லை. தன் மேல் விழுவதை மட்டுமே எடுக்கும். அதற்கு நேர் பின்னால் சிறு நிழல் விழும், அவ்வளவுதான். சுவரும் மனித உடலும் அதைவிட அதிகம் விழுங்குகின்றன.

விண்வெளியிலிருந்து நுண்ணலையில் மின்சாரம் அனுப்பும் திட்டம் என்னவாயிற்று?

அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968-ல் முன்வைத்த யோசனை அது. 1970-களின் கடைசியில் அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் வரைந்த மாதிரித் திட்டத்தில், புவிநிலைச் சுற்றுப்பாதையில் 1 கி.மீ. குறுக்களவுள்ள ஆன்டெனா 2.45 கிகாஹெர்ட்ஸில் அனுப்ப, தரையில் 10-க்கு 13 கி.மீ. பரப்பிய ரெக்டென்னா 5 கிகாவாட் எடுக்கும். ஏன் அவ்வளவு பெரிது? 12 செ.மீ. அலையை 1 கி.மீ. ஆன்டெனாவிலிருந்து 36,000 கி.மீ. அனுப்பினால் அது தரையில் 10 கி.மீ.க்கு மேல் விரிந்துதான் விழும். இதை எந்தப் பொறியியல் சாமர்த்தியத்தாலும் சுருக்க முடியாது. ஆன்டெனாவைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அலைநீளத்தைக் குறைக்க வேண்டும். 2015-ல் ஜப்பானின் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் தரையில் 500 மீட்டருக்கு 10 கிலோவாட் நுண்ணலையை அனுப்பிக் காட்டியது. 2023-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் சிறு அமைப்பு ஒன்று விண்வெளியில் சுற்றியபடியே நுண்ணலையை நகரும் பாகம் எதுவுமின்றித் திசைதிருப்பி, சுமார் ஓர் அடி தூரத்தில் இருந்த ரிசீவரில் எல்இடி எரிய வைத்தது. அந்த அலை பூமியிலும் பிடிபட்டது. அது பிடிபட்டது அறிகுறியாகத்தான், பயன்படும் மின்சாரமாக அல்ல.